மியூனிக்கில் ஒரு மேன்ஹோல்

நாற்றமே இல்லை. பதினெட்டு அரங்குகள், அவற்றுக்கு வெளியே வெட்டவெளியில் வரிசையாக லாரிகள். எல்லாம் மலத்தையும் சாக்கடையையும் குப்பையையும் கையாளுகிற கருவிகள். ஆனால் எங்கள் மூக்குக்கு எட்டியது புதுப் பெயின்ட் வாசமும் காபி வாசமும்தான்.

2024 மே 13 முதல் 17 வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ஐஃபாட் கண்காட்சிக்கு எழுதுகிறவர்களாக நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். பயணச் செலவை அங்கிருக்கும் நண்பர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். பத்திரிகையாளர் அட்டை வாங்கும் இடத்தில் இருந்த பெண், எந்தத் துறை பற்றி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மலக்குழியில் செத்துப்போனவர்களைப் பற்றி என்று சொன்னோம். அவருடைய கணினியில் அப்படி ஒரு துறை இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு 'சுற்றுச்சூழல்' என்று தட்டி அட்டையைக் கையில் கொடுத்தார்.

ஐஃபாட் 1966இல் தொடங்கிய கண்காட்சி. தண்ணீர், கழிவுநீர், குப்பை ஆகிய துறைகளுக்கு உலகில் இதைவிடப் பெரிய சந்தை கிடையாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரித்திருந்தன. ஐந்து நாளில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் வந்துபோனார்கள். இடம் ரீம் என்ற பகுதி. 1992 வரை அங்கேதான் மியூனிக் விமான நிலையம் இருந்தது. கோட்டும் டையும் கட்டிய விற்பனையாளர்கள் சேற்றுத் தொட்டியில் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்கிறார்கள். (தொட்டி புத்தம் புதுசு, அதையும் சொல்லிவிட வேண்டும்.) கல்லூரி விடுதியில் அப்பாவின் வேலையைச் சொல்லத் தயங்கி 'முனிசிபாலிட்டியில் வேலை' என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். எங்களில் ஒருவரும் அப்படி நிறுத்திக்கொண்டவர்தான். இங்கே சாக்கடை என்பது உரக்கப் பேசுகிற தொழில். அதைப் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு லாரியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தோம். நம் ஊரில் ஜெட்ராடிங் வண்டி தனி, உறிஞ்சும் வண்டி தனி. இது இரண்டும் சேர்ந்தது. தடித்த குழாயின் முனையில் ஒரு பித்தளைக் குமிழ். அதன் துளைகள் பின்னோக்கித் திறந்திருக்கின்றன. மிகுந்த அழுத்தத்தில் தண்ணீர் பின்பக்கமாகப் பீறிடுவதால், குமிழ் தானாகவே குழாய்க்குள் முன்னேறிப் போகிறது. திரும்ப இழுக்கும்போது சேற்றையும் மண்ணையும் வாரிக்கொண்டு மேன்ஹோலுக்கு வருகிறது. இன்னொரு குழாய் அதை உறிஞ்சி வண்டிக்குள் எடுக்கிறது. வண்டிக்குள்ளேயே சேறு வேறு, தண்ணீர் வேறாகப் பிரிந்து, அந்தத் தண்ணீரே வடிகட்டப்பட்டு மறுபடி குமிழுக்குப் போகிறது. தண்ணீர் பிடிக்க வண்டி நடுவில் போக வேண்டியதில்லை. ஓட்டுநர் ஒருவர், கூட ஒருவர். கையில் ரிமோட். குழிக்குள் யாரும் இறங்குவதில்லை.

விலை கேட்டோம். நான்கு லட்சம் யூரோவிலிருந்து ஆரம்பம் என்றார் விற்பனையாளர். அன்றைக்கு யூரோ 90 ரூபாய். 3.6 கோடி.

நாங்கள் வேறொரு கணக்கும் போட்டோம். மலக்குழியில் ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. 3.6 கோடி என்றால் பன்னிரண்டு உயிர். பழைய கணக்கில் முப்பத்தாறு. அந்தப் பணத்தையும் எந்தக் குடும்பமும் தானாக வாங்கியதில்லை. காண்ட்ராக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு லட்சத்தோடு விலகிப்போன வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். இயந்திரம் விலை கூடுதல் என்று அதிகாரிகள் சொல்லும்போது இனி ஒரு கேள்வி கேளுங்கள்: எதைவிடக் கூடுதல்?

மூன்றாம் நாள் அதே லாரியின் பக்கத்தில் அதற்குப் பதிலும் கிடைத்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு குழு. எந்த மாநிலம், எந்த நகராட்சி என்பதை விட்டுவிடுகிறோம், எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். பொறியாளர் போலிருந்த ஒருவர் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தக் காசுக்கு நூறு ஆளை வருஷம் முழுக்க இறக்குவேன்." ஜெர்மன் விற்பனையாளர் அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தானும் சிரித்தார். எங்களில் மூத்தவர் பொறியாளரிடம் போய் மரியாதையாகவே கேட்டார்: "சார், எந்தத் தெரு ஆளுங்களை இறக்குவீங்க?" அவர் எங்கள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அவர் ஒரு தனிமனிதர், விடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர் போட்ட கணக்கில்தான் நம் ஊர்களின் டெண்டர்கள் நடக்கின்றன. நமஸ்தே திட்டத்துக்காக ஒன்றிய அரசே சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தது. அப்போது பதிவான 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. 'நூறு ஆள்' என்று அவர் எண்ணும்போது அந்த நூறு பேரும் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரிப்பு வந்தது.

லாரிக்காரர் எங்களிடம் எதிர்க்கேள்விகளும் கேட்டார். உங்கள் நகரத்தில் குழாயின் விட்டம் என்ன? ஆழம்? சரிவு? கடைசியாக எப்போது கேமரா விட்டுப் பார்த்தார்கள்? வரைபடம் இருக்கிறதா? நாங்கள் முழித்தோம். அடுத்த அரங்கு முழுக்கக் கேமரா வண்டிகள்தான். முயல் அளவில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று குழாய்க்குள் ஓடி, எந்த மீட்டரில் விரிசல், எந்த மீட்டரில் வேர் புகுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறது. அடைப்பு வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் எங்கே எந்தக் குழாய் போகிறது என்பது பல இடங்களில் தொழிலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் செத்தால் வரைபடமும் போய்விடும். எங்கள் தெரு ஆறடி அகலம், இந்த லாரி நுழையாது என்றும் சொல்லிப் பார்த்தோம். அவர் சளைக்கவில்லை. ஆறடிச் சந்துக்கும் கையால் தள்ளிப்போகிற வண்டி வரை காட்டினார். சந்து குறுகல் என்பதெல்லாம் காரணமே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கு மியூனிக்வரை போயிருக்கவும் வேண்டியதில்லை. கேரள இளைஞர்கள் செய்த பேண்டிகூட் ரோபோ 2018இலேயே திருவனந்தபுரத்தில் மேன்ஹோலில் இறங்கிவிட்டது.

ஆனால் எங்களை உலுக்கியது இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு போட்டி.

ஜெர்மனியின் நீர், கழிவுநீர்த் துறைச் சங்கம் இந்தக் கண்காட்சியில் கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் திறன் போட்டி நடத்துகிறது. கைதட்ட ஆள் நிற்கிறது. ஒரு வேலை, குழிக்குள் பாதுகாப்பாக இறங்கி ஏறுவது. ஆம், அங்கேயும் ஆள் இறங்குகிறார்கள். எல்லா வேலையையும் இயந்திரம் செய்துவிடுவதில்லை. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், அவர்களில் பெண்களும் உண்டு. முதலில் சாலைத் தடுப்பு வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசி அளவில் ஒரு மீட்டரைக் கயிற்றில் கட்டி மெதுவாகக் கீழே விட்டார்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு என்று நான்கையும் அது அளக்கிறது. எண்ணை உரக்கப் படித்தார்கள், ஒருவர் தாளில் எழுதினார். குழியின் மேல் முக்காலி, அதில் கப்பி, இறங்குபவரின் உடம்பில் பட்டை. மேலே நிற்பவர் குழியைவிட்டு ஓரடி நகரக்கூடாது. கீழே இருப்பவருக்கு மயக்கம் வந்தால் மேலே இருப்பவர் குதிக்கக்கூடாது, கப்பியைத்தான் சுற்ற வேண்டும். நேரத்தில் முந்திவிட்டு ஒரு படியைத் தவறவிட்டாலும் மதிப்பெண் போகும்.

இதை நாங்கள் கண் கலங்காமல் பார்த்தோம் என்று எழுத முடியாது. உண்மையறியும் குழுவோடு போன இடங்களில் மூன்று பிணம், நான்கு பிணம் என்று எழுதியிருக்கிறோம். ஒருவர் இறங்குகிறார். சத்தமில்லை. தம்பி இறங்குகிறான், பிறகு பக்கத்து வீட்டுக்காரர். ஏன் அப்படி நடக்கிறது என்பதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தேங்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, குழி ஆறிவிட்டது என்று இறங்குகிறவர் நினைப்பார். வாயு அப்படியே இருக்கும். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். கற்பூரம் கொளுத்திப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, மூடியைத் திறந்து அரை மணி நேரம் காத்திருப்பது எல்லாம் உயிரைக் காப்பாற்றுகிற அளவுகோல் அல்ல. நெருப்பு காட்டுவது மீத்தேன் இருக்கிற குழியில் வெடியாகவும் மாறும். இறந்தவர் குடித்திருந்தார் என்று போலீஸ் எழுதும்போது, வாயு அளந்தீர்களா என்று கேட்க நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி. படிக்கும்போதே சம்பளம், முடிவில் தேர்வு, சான்றிதழ். 2024 ஆகஸ்டு முதல் அந்தப் படிப்புக்குப் பெயரையே 'சுற்றுச்சூழல் தொழில்நுட்பர்' என்று மாற்றுவதாகச் சொன்னார்கள். நம் ஊரிலும் பெயர் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. தோட்டி, துப்புரவு, தூய்மை. ஆட்கள் மாறவில்லை. அங்கே அந்தப் படிப்பில் சேர விண்ணப்பம் போட வேண்டும். நமக்கு விண்ணப்பம் இல்லாமலே கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முக்காலியையும் பட்டையையும் பார்த்துவிட்டு, 'கருவி கொடுங்கள், போதும்' என்று நாமும் பேச ஆரம்பித்துவிடக் கூடாது. 2013 சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று அது தடை செய்வது, பாதுகாப்புக் கருவி தராமல் ஆளை விட்டுச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யவைப்பதை. கருவி கொடுத்துவிட்டால் அந்த வரையறைக்குள் வராது. அரசு அறிவிக்கிற கருவியோடு மலம் அள்ளுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்ற விளக்கமும் அதே சட்டத்தில் உண்டு. ஒரு ஜோடி கையுறைக்குள் ஒரு மனிதரைக் கணக்கிலிருந்து மறைத்துவிட முடியும். 2018 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 339 பேர் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும் அதே ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்றும் சொல்வது இப்படித்தான். ஜெர்மன் பையனுக்குக் கருவி கிடைத்ததால் அவன் உயிரோடு ஏறி வரவில்லை. அவன் செத்தால் கேள்வி வரும். அதனால்தான் கருவி வந்தது.

ஜெர்மனியைச் சொர்க்கம் ஆக்கவும் வேண்டாம். கண்காட்சி முடிந்த மாலையில் அரங்கின் கழிப்பறையைக் கழுவ வந்தவர்கள் பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பில் ஒருவரோடு கொஞ்ச நேரம் பேசினோம். முதுகு வலி, மேற்பார்வையாளர், பேருந்து நேரம் என்று எல்லாம் தெரிந்த பேச்சாகவே இருந்தது. மகள் நர்ஸ் படிப்பதாகச் சொன்னார். உங்கள் மகளும் இந்த வேலைக்குத்தான் வருவாள் என்று யாராவது சொன்னதுண்டா என்று கேட்டோம். மொழிபெயர்ப்பு தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி தட்டச் சொன்னார்.

கடைசி நாள் மதியம் எங்களில் ஒருவரின் சித்தப்பாவோடு பேசினோம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு நகராட்சியில் காண்ட்ராக்டில் இருக்கிறவர். அங்கே அப்போது மாலை நான்கு மணி, வேலை முடித்து வீட்டில் இருந்தார். போட்டிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"அந்த எறங்குற பையன் என்ன ஆளுப்பா?"

"அங்க அப்படி இல்ல சித்தப்பா. யாரு வேணா வரலாம். மூணு வருஷம் படிச்சிட்டு வராங்க."

"இதுக்கா படிக்கிறாங்க?" என்று சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். பிறகு கயிற்றில் கட்டி விடுகிறார்களே, அது என்ன என்று கேட்டார். மீட்டர் என்றோம், விளக்கினோம், நம் ஊரிலும் அரை லட்சத்துக்குள் கிடைக்கும் என்றோம்.

"அட, இதுவா. எங்க வண்டில ஒண்ணு கெடக்குது. ஏதோ ஆபீசர் வந்தப்ப போட்டோ எடுக்கக் குடுத்தாங்க. சார்ஜர் இல்ல. ரெண்டு வருஷமா டூல்ஸ் பெட்டிலதான் இருக்குது."

ஊருக்குத் திரும்பியதும் அந்த நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். உங்களிடம் வாயு அளக்கும் மீட்டர்கள் எத்தனை? எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது? கடந்த ஓராண்டில் எந்தெந்த நாளில், எந்தக் குழியில் விட்டுப் பார்க்கப்பட்டது, அளவுகள் எழுதிய பதிவேட்டின் நகல்? அந்த மீட்டரைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? நீங்களும் உங்கள் ஊரில் இதே கேள்விகளைப் போடலாம், பத்து ரூபாய்தான் செலவு.

பதில் முப்பதாவது நாள் வந்தது. ஒரே வரி. பாதுகாப்பு உபகரணங்கள் போதிய அளவில் இருப்பில் உள்ளன. மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.